கரைக்காவல்

அந்தப் பக்கம் எறங்காதீங்க அம்மிணி. கல்லெல்லாம் பாசி புடிச்சுக் கெடக்குது, காலு வெச்சா வழுக்கி நேரா உள்ளதான். இப்படி வாங்க. இந்த மேட்டுல நின்னா வெய்யல் முதுகுப் பக்கம் வரும், படம் நல்லா உழுகும். தட்டான் படம் எடுக்கத்தானே வந்திருக்கீங்க? பாத்தாலே தெரியுதுங்க. பறவை பாக்கறவிங்க அண்ணாந்துட்டே நடப்பாங்க. நீங்க கோரையப் பாத்துக் குனிஞ்சுட்டே வந்தீங்க. எங்க சுகந்தியும் அப்படித்தான் நடப்பா.

உக்காருங்க சித்த. இன்னும் பனி காயல, எங்கயும் பறந்து போயிராது. றெக்கை காஞ்சாத்தான் அதுங்களுக்குப் பறக்கவே முடியும். இதெல்லாம் எனக்கு சுகந்தி சொன்னதுதான். நான் என்னத்தக் கண்டேன். எங்கூட்டுக்காரருக்கு மோட்டாருக்குக் காயில் கட்டற கடை, நான் ஊட்டுல சோறாக்கறவ. நாகமணின்னு பேரு. நான் இந்தக் குளத்துக்கு வர்றது படம் எடுக்க இல்லீங்க, காவலுக்கு. சுகந்திக்குக் காவல்.

சுகந்தி என்ற கொழுந்தனார் சம்பத்தோட பொண்டாட்டி. ஒரே ஊடுதான், மேல அவிங்க, கீழ நாங்க. எங்களுக்குக் கொழந்தை இல்லீங்க. அதப் பத்திப் பேச்செடுத்தாப் பொழுது போயிரும், விடுங்க. சுகந்திக்கு சாப்ட்வேர் கம்பெனில வேலை. பெத்து அஞ்சாம் மாசம் வேலைக்குப் போயாகோணும்னு வந்து நின்னா. கொழந்தையக் கொண்டாந்து என்ற மடியில போட்டுட்டு, "அக்கா, பாத்துக்குவீங்கல்ல?"ன்னா. பாத்துக்காம? பாலு காச்சறது, எண்ணெ தேச்சுத் தண்ணி ஊத்தறது, தூங்க வெக்கறது, அப்பறம் வளந்ததும் பள்ளிக்கூடத்து வேன்ல ஏத்தி விடறது, எறக்கறது. சனி ஞாயிறுல சுகந்தி வெச்சுக்குவா. அம்மா அவதானுங்களே. நான் பெரீம்மா. ஒத்தாசைக்கு இருக்கறவ.

கொழந்தைக்குப் பள்ளிக்கூடத்துல தன்விகான்னு பேரு. என்ற வாயில அது சரியா வராது. நான் பட்டுன்னுதான் கூப்புடுவேன். ஆராச்சும் பேரு கேட்டா அவளும் பட்டுன்னுதான் சொல்லுவா. சுகந்திக்கு அதுல கொஞ்சம் வருத்தம்.

போன ஐப்பசிக்கு முந்துன ஐப்பசி. மழையின்னா அப்படி மழை. வீதியில பாதி ஊட்டுல காய்ச்சல். பட்டுவுக்கும் வந்துச்சு. கொசுக் காய்ச்சல்னாங்க. ஆசுபத்திரியில ரத்தம் பாத்தாங்க, தண்ணி ஏத்துனாங்க, காய்ச்சல் விட்டுருச்சு, கூட்டிட்டுப் போங்கன்னாங்க. எல்லாருக்கும் சந்தோசம். நான் ரசஞ்சோறு பெசஞ்சு ஊட்டுனேன். ரெண்டு வாயி தின்னா. என்ற மடியிலதான் சாஞ்சிருந்தா. கையி ரெண்டும் சில்லுன்னு இருந்துச்சு. காய்ச்சல் விட்டா ஒடம்பு சில்லுன்னுதானே இருக்கும்? சொல்லுங்க. அப்படித்தானே இருக்கும்?

ம். அந்தக் காய்ச்சல் விட்டதுக்கு அப்பறந்தான் கொல்லுமாம். பொறகு சொல்றாங்க. மறுக்கா ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். நாலு வயசு முடிஞ்சு கொஞ்ச நாள்தான் ஆச்சு.

சுகந்தி உழுந்து பெரண்டு அழுதா. ஒறம்பரை சனமெல்லாம் அவளக் கட்டிப் புடிச்சுட்டு அழுதாங்க. பெத்தவ இல்லீங்களா. நான் அடுப்படியில இருந்தேன். அத்தன சனம் வந்திருக்குது, ஆளுக்கொரு டம்ளர் காப்பி வெக்க ஊட்டுல வேற ஆரு இருக்கா? பாலு பொங்கிப் பொங்கி வழிஞ்சுச்சு, தொடச்சுத் தொடச்சு வெச்சேன். கொழந்தைய வெளிய எடுத்துட்டாங்கன்னு எனக்கு ஒரு அம்மா வந்து சொன்னப்பறந்தான் தெரியும். போனேன். வீதி முக்குத் திரும்பிட்டாங்க.

விடுங்க, அது கெடக்குது. நான் சுகந்தி கதையச் சொல்ல வந்தேன்.

அவ வேலைக்குப் போகல. சோறு எறங்கல. ஜன்னலப் பூரா கொசுவல அடிச்சா. மருந்து வாங்கி வாங்கி ஊடெல்லாம் அடிச்சா. அப்பறம் ஒரு நா ஆரோ சொல்லியிருக்காங்க, தட்டான் இருக்கற எடத்துல கொசு நிக்காது, தண்ணிக்குள்ள குஞ்சா இருக்கறப்பவே கொசுப் புழுவப் புடிச்சுத் தின்னுரும்னு. அவ்வளவுதான். அடுத்த நா கருக்கல்ல எந்திரிச்சு, சம்பத்தோட பழைய கேமராவ எடுத்துட்டு இந்தக் குளத்துக்கு வந்துட்டா. "எத்தன தட்டான் இருக்குதுன்னு நான் பாக்கோணும்"ங்கறா. ஊர்ச் சாக்கடை பூரா வந்து உழுகற குளம். இதுல என்னத்தப் பாக்கறது?

சம்பத்து எங்கிட்ட வந்து நின்னான். ஆம்பளை அழுதுட்டு நிக்கறான். "அண்ணி, அவ தண்ணிக்குப் பக்கத்துல போறது எனக்குப் பயமா இருக்குது. நீங்கதான் கூடப் போயிப் பாத்துக்கோணும்." எங்கூட்டுக்காரரும், "போயிட்டு வா நாகு, நீயும் ஊட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடக்கறே"ன்னாரு. அப்படி வந்ததுதானுங்க. தெனமும் வெடிஞ்சும் வெடியாம அவ முன்னால, நான் பின்னால.

மொதல்ல எனக்கு ஒண்ணும் புடிபடல. எல்லாம் ஒரே தட்டானாத் தெரிஞ்சுது. அவதான் காட்டுவா. "இதா பாருங்க்கா, ஆரஞ்சா இருக்கே, இது சாக்கடைத் தண்ணியில கூடப் பொழைக்கும். இது றெக்கைய விரிச்சே உக்காரும். றெக்கைய மடக்கி உக்காருதே ஊசியாட்டம், அது ஊசித்தட்டான்." ஊசித்தட்டான் படம் எடுக்கறது லேசில்லீங்க. புல்லுக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியாது. மூச்சடக்கி மண்டிபோட்டுக் கிட்ட போவா. மூச்சுக் காத்துப் பட்டாலும் சுத்தி அந்தப் பக்கம் போயி ஒளிஞ்சுக்கும். நான் பின்னால நின்னு அவ காலையே பாத்துட்டிருப்பேன். தண்ணிக்கும் அவ காலுக்கும் எவ்வளவு தூரம்னு. அதுதானே என்ற வேலை.

அப்பத்தான் அந்தச் சத்தம் வந்துச்சுங்க.

அதோ, அந்தக் கோரை அடர்த்தியா இருக்கற எடம். அதுக்குள்ளருந்து. "பெரீம்மா, இங்க வா, புடிச்சுக் குடு." வேற ஒண்ணுமில்ல, அவ்வளவுதான். தட்டானக் கண்டா பட்டு அப்படித்தான் நச்சரிப்பா. எனக்குப் பக்குன்னு ஆயிப் போச்சு. எனக்காக இல்லீங்க, சுகந்தி காதுல உழுந்துருமேன்னு. பெத்தவளுக்குக் கேட்டா என்ன ஆகும்? அவ அப்படியே நடந்து உள்ள போயிர மாட்டாளா?

"உனக்கு ஏதாச்சும் கேக்குதா சுகந்தி?"

"நீர்க்கோழிங்க்கா. குஞ்சு பொரிச்சிருக்குது."

நீர்க்கோழி எப்படிக் கத்தும்னு எனக்குத் தெரியாதா? அவளுக்குக் கேக்கலைன்னு தெரிஞ்சதும் நிம்மதியாச்சு. ஆனாலும் நாளைக்குக் கேட்டுட்டா? அதனால சத்தம் வந்தா நானே மெதுவா அந்தக் கோரைப் பக்கம் போவேன். "உஸ்... அம்மா இருக்கா சாமி, சத்தம் போடாத"ன்னு சொல்லுவேன். அடங்கிரும். திரும்பி வந்துருவேன். நான் அப்படிப் போறப்பெல்லாம் சுகந்திக்கு மூக்குல வேர்த்துரும். "அக்கா, சீக்கிரம் வாங்க, இங்க ஒண்ணு உக்காந்திருக்குது, பாருங்க"ன்னு கத்துவா. ஓடி வந்து பாத்தா அதே ஆரஞ்சுத் தட்டான். எனக்கு எரிச்சலா வரும்.

என்னுங்க? பயமா? எனக்கென்ன பயம். நான் தூக்கி வளத்த கொழந்தை.

எங்கூட்டுக்காரருக்குத்தான் எல்லாத்துக்கும் சந்தேகம். "ஏன் நாகு சேலை முழங்கால் வரைக்கும் நனைஞ்சிருக்குது?"ன்னு கேப்பாரு. புல்லுல பனி எறங்குது, நனையாதா? அப்பறம் இடுப்பு வரைக்கும் ஈரம்னாரு. பனி அம்மிணி. மார்கழி, தையின்னா இங்க பனி கொஞ்சமாவா எறங்குது?

மாசியில ஒரு நா ஒரு அதிசயம் பாத்தோம். பொழுது அப்பத்தான் கெளம்புது. சுகந்தி கையக் காட்டிக் கூப்பிட்டா. ஒரு கோரைத் தண்டுல அழுக்கு நெறத்துல பூச்சி ஒண்ணு, தேளாட்டம், தண்ணிக்குள்ளருந்து ஏறி வந்து புடிச்சுட்டு நிக்குது. செத்ததாட்டம் நிக்குது. பாத்துட்டே இருக்கறோம், முதுகு வெடிச்சுது. உள்ளருந்து பச்சையா, ஈரமா, ஒரு உசுரு தலைகீழாத் தொங்கிட்டு வெளிய வருது. றெக்கை கசங்குன காயிதமாட்டம் இருக்குது. எறும்பு ரெண்டு தண்டுல ஏறுச்சு. எடுத்து உடலாம்னு கைய நீட்டுனேன். "தொடாதீங்க்கா, தொட்டாப் பொழைக்காது. அது பாட்டுக்கு வரட்டும்"ன்னு என்ற கையப் புடிச்சுட்டா. புடிச்ச கைய உடவே இல்ல. றெக்கை கொஞ்சம் கொஞ்சமா நீண்டு, கண்ணாடியாட்டம் விரிஞ்சு, வெய்யல் பட்டுப் பட்டுக் காஞ்சு, திடீர்னு கெளம்பிருச்சு. எங்க தலைக்கு மேல ஒரு சுத்து. போயிருச்சு.

சுகந்தி அப்ப அழுதா. சாவன்னிக்கு அழுதது வேற, இது வேற. சத்தமே இல்ல. அழுதுட்டு மூஞ்சி கழுவிட்டு, "பசிக்குதுங்க்கா"ன்னா. ஊட்டுக்கு வந்து நாலு தோசை தின்னா. தேறிட்டான்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு.

நான் அந்தத் தண்டுல இருந்த சட்டையப் பிரிச்சு எடுத்துட்டு வந்தேன். அது உட்டுட்டுப் போன வெறும் தோலு. கண்ணு, காலு, முதுகுல கிழிசல், எல்லாம் அப்படியே இருக்குது, உள்ள மட்டும் ஒண்ணுமில்ல. காத்தடிச்சாத் தண்ணியில உழுந்து போயிருமே. அதுக்கப்பறம் எங்க கண்டாலும் எடுத்து வெச்சுக்கறது. ஒரு ஊறுகா பாட்டில் நெறைஞ்சு போச்சு. எங்கூட்டுக்காரரு அதப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கறாரு. எதுக்குன்னு தெரியல. சுத்தமாத்தான் இருக்குது.

தேறுனவ வேலைக்குப் போக வேண்டியதுதானே? போகல. சித்திரை வரைக்கும் தெனமும் வந்தா. நானும் வந்தேன். அவ தேறிட்டான்னு அவிங்களுக்குத் தோணலாம், காவலுக்கு இருக்கறவ அப்படி நம்பிர முடியுமா?

சித்திரையிலதான் அந்தப் பேச்சு வந்துச்சு. குளத்துக்கு வர்ற ஆளுங்க சேந்து பள்ளிக்கூடத்துல படமெல்லாம் மாட்டப் போறாங்கன்னு சுகந்தி கம்ப்யூட்டர்ல படம் பாத்துட்டிருந்தா. என்னையக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வெச்சா. "அக்கா, இதப் பாருங்க"ன்னா. ஊசித்தட்டான், நீல வாலு, கண்ணு கூடத் தெளிவா இருக்குது. "தட்டானப் பாக்காதீங்க. பின்னாடி பாருங்க."

பின்னாடி மங்கலா என்னமோ மாம்பழக் கலர்ல.

"இது ஆரு?"ன்னேன்.

"நீங்கதானுங்க்கா. உங்க சேலைதான். இது தையில எடுத்தது." அடுத்த படம் போட்டா. "இது மாசி." அப்பறம் இன்னொண்ணு. "இது பங்குனி."

தையில அந்த மாம்பழக் கலரு முழுசாத் தெரியுது. மாசியில பாதிதான். பங்குனியில தண்ணிக்கு மேல கழுத்தாட்டம், தலையாட்டம் கொஞ்சூண்டு. மீதியெல்லாம் தண்ணி.

"நான் என்னைக்குத் தண்ணியில எறங்குனேன்? கரையிலதானே நிக்கறேன்?"

"அக்கா..."

"ஏதாச்சும் குப்பையா இருக்கும். எருமை குளிக்கற எடம். கிட்ட இருக்கறதுதானே தெளிவா உழுகும்னு நீதானே சொன்னே?"

அவ என்ற கையப் புடிச்சுட்டா. "அக்கா, தட்டான் பறந்துச்சே, அன்னிக்கே நான் வேலைக்குப் போயிருப்பேன். உங்கள இப்படி உட்டுட்டு எப்படிப் போவேன்? மாமாதான் எங்கிட்ட வந்து சொன்னாரு, நாகுவத் தனியா உட்றாத சுகந்தின்னு. அதுக்குத்தான் இத்தன நாளும் வந்தேன். நீங்க உள்ள உள்ள போறப்பெல்லாம், தட்டான் உக்காந்திருக்குதுன்னு உங்களக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கரைக்குக் கொண்டாந்தேன்."

கேட்டீங்களா கதைய? என்னையக் காவல் காத்தாளாம் அவ. சம்பத்து அழுதுட்டு வந்து சொன்னது எங்கிட்ட. காவலுக்கு வந்தது நான். இதெல்லாம் எங்க போயிச் சொல்ல? "உனக்குத்தான் அந்தக் காய்ச்சல்லருந்து புத்தி கலங்கிக் கெடக்குது"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். நெறையப் பேசிப் போட்டேன். "பெத்தவ நீயே மறந்துட்டு வேலைக்குப் போகப் பாக்கறே"ன்னு கூடச் சொல்லிப் போட்டேன். அதுக்கு அவ, "நீங்களும் அவளுக்கு அம்மாதானுங்க்கா. உங்கள ஆருமே அழ உடல"ன்னா. என்ன பேச்சு இது? அழறதுக்கு ஆரு கிட்டயாச்சும் உத்தரவு வாங்கோணுமா? எனக்கு அழுகை வரல, அதனால அழல. அவ்வளவுதானே.

அப்பறம் சம்பத்துக்கு ஓசூர்ல வேலை கெடச்சுது. போயிட்டாங்க. இப்ப அங்க ஒரு பையன் பொறந்திருக்கான்.

நீங்க கேக்கறது சரிதானுங்க. சுகந்தி ஓசூருக்குப் போயிட்டா, அப்ப நான் ஆருக்குக் காவலுக்கு வர்றேன்னுதானே கேக்கறீங்க? அப்படி உட்டுற முடியுமா அம்மிணி. பழகிருச்சு. அதோ மேட்டுல வண்டியில உக்காந்திருக்காரே, அது எங்கூட்டுக்காரருதான். நடக்க வர்றேன்னு சொல்லிட்டுத் தெனமும் கூடவே வர்றாரு. ஒரு நாளாச்சும் நடந்து பாத்ததில்ல. அங்கயே உக்காந்துட்டு என்னையவே பாத்துட்டிருக்காரு. கடையத் தொறக்கக் கூட லேட்டாப் போறாரு. வயசானா இப்படித்தானோ என்னமோ.

முந்தாநா சுகந்தி போன் பண்ணுனா. "அக்கா, நான் வேலைக்குப் போகோணும். பையனுக்கு அஞ்சு மாசம் ஆச்சு. நீங்க வாங்க"ன்னா. நான் முடியாதுன்னுட்டேன். சமைச்சுப் போடறேன், துணி தொவைக்கறேன், கொழந்தைய மட்டும் நான் தூக்க மாட்டேன்னேன். என்ற கையில வேண்டாம். சில்லுன்னு இருந்தா எனக்குத் தெரியாது. அவ, "தூக்க வேண்டாங்க்கா. பக்கத்துல உக்காருங்க, போதும். அவன் அழுதான்னா நீங்களும் கூட அழுங்க"ன்னா.

எங்கூட்டுக்காரரு பஸ்சுக்கு எடம் போட்டுட்டாரு. நாளைக்குக் காலையில. ரெண்டு பேருமேதான் போறோம், கடைய அடைச்சுட்டு. எனக்கு மனசே இல்ல. ஆனா அந்தப் பையன் போன்ல என்னையப் பாத்துக் கையக் கால ஆட்டறான் அம்மிணி. என்னமோ தெரிஞ்ச ஆளப் பாக்கறாப்பல.

பனி காஞ்சிருச்சு, அதோ ஒண்ணு கெளம்பிருச்சு பாருங்க. உங்க வேலையக் கெடுத்துட்டேன். நீங்க எந்திரிங்க, போயி எடுங்க.

ஒண்ணே ஒண்ணு. நீங்க இனி வாராவாரம் வருவீங்கதானே? வந்தீங்கன்னா அந்தக் கோரைப் பக்கம் சித்த நேரம் நில்லுங்க. தண்ணியில எறங்க வேண்டாம், கரையிலருந்தே போதும். உங்களுக்கு ஒண்ணும் கேக்காது. கேக்காட்டியும் பரவாயில்ல. "பெரீம்மா ஊருக்குப் போயிருக்காங்க, வந்துருவாங்க சாமி"ன்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லிருங்க.

பதிலே வரலைன்னா பயந்துக்குவா.